நல்ல செய்தியை முதலாளியிடம் எப்போது சொல்வது?



வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். அது கடல் போன்ற தலைப்பு. அதில் ஒரு கை நீரை மட்டும் அள்ளிக் கொள்கிறேன். ஒரு பெண் புதிய வேலையில் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. புரோபேஷன் எனப்படும் தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை. அந்த நேரத்தில் அவள் முழுகாமல் இருப்பது தெரிய வருகிறது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. அவளுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இரவில் படுத்தால் தூக்கம் வருவதில்லை. "ஆபீஸில் இதை எப்படிச் சொல்வது? எப்போது சொல்வது?" என்ற ஒரே கேள்விதான் மனத்தில் ஓடுகிறது.

நம் வீடுகளில் இதற்கு ஆளுக்கொரு பதில் உண்டு. "மூணு மாசம் தாண்டட்டும்மா, அதுவரைக்கும் வெளியே சொல்லாதே, கண்ணு படும்" என்பார் மாமியார். "வேலை நிரந்தரமாகிற வரைக்கும் மூச்சு விடாதே" என்பாள் தோழி. "இன்றைக்கே சொல்லிவிடு, பிறகு நம்மைக் குறை சொல்வார்கள்" என்பார் கணவர். மூவருமே அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மூன்றுக்கும் அடியில் இருப்பது பயம். பயந்து எடுக்கும் முடிவு சரியாக அமைவது அரிது.

நம் பாட்டிமார்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. விடியற்காலைப் பெரட்டில் எல்லாரும் ஒன்றாக நின்றார்கள். லயத்தில் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்த செய்தி பொழுது சாய்வதற்குள் கங்காணிக்கும் தெரிந்துவிடும். குழந்தை பிறந்தால் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மறுபடியும் மரம் வெட்டப் போனார்கள். அந்த வாழ்க்கை சுகமானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே எதையும் தனியாக மறைத்து வைத்துத் தவிக்க வேண்டியதில்லை. இன்று நம் பெண்கள் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் வேலை செய்கிறார்கள். சொல்வதா வேண்டாமா என்ற பாரத்தை ஒருத்தியாகவே சுமக்கிறார்கள்.

நான் மாஸ் கம்யூனிகேஷன் படித்தவள், வழக்கறிஞர் அல்ல. ஆனாலும் இங்கே பேச வருவதற்காகச் சட்டத்தைப் படித்தேன். அதில் எனக்கு விளங்கிய ஒன்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன். நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இருக்கும் நிலை வேறு. கையெழுத்துப் போட்ட பிறகு இருக்கும் நிலை வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்வதால்தான் பல பெண்கள் தேவையில்லாமல் மறைக்கிறார்கள்.

இந்த நாட்டில் நடந்த இரண்டு வழக்குகளைப் பாருங்கள். பியட்ரிஸ் பெர்னாண்டஸ் என்ற விமானப் பணிப்பெண் மலேசிய விமான நிறுவனத்தில் வேலை செய்தார். கர்ப்பமானால் வேலையை விட்டு விலக வேண்டும் என்பது அங்கிருந்த கூட்டு ஒப்பந்தத்தின் விதி. அவர் விலக மறுத்தார், வேலை போனது. நீதிமன்றத்துக்குப் போனார். 2005ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அரசியலமைப்புச் சட்டம் தரும் சமத்துவம் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளிக்குப் பொருந்தாது என்று சொல்லப்பட்டது.

அடுத்தது நூர்பாடிலா அகமட் சைக்கின் வழக்கு. 2009 ஜனவரியில் உலு லங்காட்டில் தற்காலிக ஆசிரியையாக அவருக்கு வேலை கிடைத்தது. பணியிடக் குறிப்பும் கைக்கு வந்துவிட்டது. அப்போது அதிகாரி ஒருவர், "உங்களில் யார் கர்ப்பமாக இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். இவரும் இன்னும் இருவரும் உண்மையைச் சொன்னார்கள். கொடுத்த குறிப்பு அங்கேயே திரும்ப வாங்கப்பட்டது. அவர் சும்மா இருக்கவில்லை. 2011ஆம் ஆண்டு ஷா ஆலம் உயர்நீதிமன்றம், கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை மறுப்பது பால் அடிப்படையிலான பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது. கர்ப்பம் தரிப்பது பெண் மட்டும்தானே! ஆனால் அங்கே எதிர்த்தரப்பு அரசாங்கம். தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவர்களின் நிலை அதன் பிறகும் கேள்விக்குறியாகவே இருந்தது.

அந்தக் கேள்விக்குறியைப் பெருமளவு நீக்கியது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம். பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது நம்மில் பலருக்குத் தெரியும். 41ஏ பிரிவு பலருக்குத் தெரியாது. கர்ப்பமாக இருக்கும் ஊழியரை வேலையிலிருந்து நீக்குவதும், நீக்குவதாக நோட்டீஸ் கொடுப்பதும் குற்றம் என்கிறது அந்தப் பிரிவு. மூன்றே மூன்று விதிவிலக்குகள்தான்: வேண்டுமென்றே ஒப்பந்தத்தை மீறுவது, ஒழுங்கீனம், நிறுவனமே மூடப்படுவது. "வேலையில் திறமை போதவில்லை" என்பது அந்த மூன்றில் இல்லை. "கர்ப்பத்துக்காக நீக்கவில்லை" என்று நிரூபிக்க வேண்டியவரும் முதலாளிதான். தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கு இது பொருந்தாது என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை கிடையாது.

ஆனால் கவனியுங்கள். இது ஊழியருக்குத் தரப்படும் பாதுகாப்பு. நேர்காணலுக்குப் போய்விட்டுக் காத்திருக்கும் பெண் இன்னும் ஊழியர் அல்ல. அதே திருத்தத்தில் பாகுபாடு பற்றிப் புகார் செய்ய வந்த வழியும் ஊழியருக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறுக்குத்தான். ஆகவே நேர்காணலில் நீங்களாகவே முந்திக்கொண்டு சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் பொய் சொல்லாதீர்கள். பாரத்தில் கேட்டிருந்து நீங்கள் "இல்லை" என்று எழுதினால், பிறகு அதையே ஒழுங்கீனம் என்று பேச இடம் கொடுத்துவிடுகிறீர்கள். வேலைக்கு முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால்கூட அங்கே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். வேலையைவிடப் பிள்ளை பெரிது.

கையெழுத்துப் போட்டாயிற்று, வேலையிலும் சேர்ந்தாயிற்று. இனி எப்போது சொல்வது? அது நீங்கள் செய்யும் வேலையைப் பொறுத்தது. தொழிற்சாலையில் இரசாயனப் புகையில் நிற்பவர்கள், கனமான பெட்டி தூக்குபவர்கள், எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர்கள் மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. கரு உருவாகும் முதல் வாரங்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். டாக்டர் உறுதி செய்த உடனே சொல்லுங்கள். இரவு வேலையும் அப்படித்தான். இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை பெண்களைத் தொழிற்சாலை வேலையில் அமர்த்துவதற்கு இருந்த பழைய கட்டுப்பாடு 2023ஆம் ஆண்டோடு நீங்கிவிட்டது. ஷிப்டை மாற்ற வேண்டுமானால் கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை, உடம்பிலும் தொந்தரவு இல்லை என்றால், மாமியார் சொன்னபடி மூன்று மாதம் பொறுப்பதில் தவறில்லை. கண் படும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கரு கலையும் வாய்ப்பு அந்த மாதங்களில்தான் அதிகம். ஆனால் வாந்தியாலும் மயக்கத்தாலும் அடிக்கடி எம்.சி. எடுக்கிறீர்கள் என்றால் காத்திருக்காதீர்கள். காரணம் தெரியாத மேலதிகாரி உங்களைச் சோம்பேறி என்று எண்ணிவிடுவார்.

மூன்று மாதம் முடிந்த பிறகும் "நிரந்தரமாகட்டும்" என்று தள்ளிப் போடாதீர்கள். முதலாளிக்கு விஷயமே தெரியாமல் அவர் உங்களை நீக்கிவிட்டால், "எனக்குத் தெரியாதே, வேலை சரியில்லை என்றுதானே நீக்கினேன்" என்பது அவருக்குச் சுலபமான பதிலாகிவிடும். நீங்கள் தேதியிட்டு எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பதிலுக்கு இடமில்லை. மறைப்பதுதான் பாதுகாப்பு என்று நாம் எண்ணுகிறோம். வேலையில் சேர்ந்த பிறகு எழுதிக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

முதலில் மேலதிகாரியிடம் நேரில் சொல்லுங்கள். அவருக்கு முன்னால் வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். எங்கள் தொலைக்காட்சித் துறையில் மறைக்க அதிக நாள் கிடைக்காது. உடையலங்காரம் செய்பவர் இடுப்பு ஊசியை ஓர் அங்குலம் தள்ளிக் குத்தும்போதே செய்தி ஸ்டூடியோ முழுக்கப் பரவிவிடும். பிறர் சொல்லித் தெரிந்துகொள்ளும் முதலாளிக்கு மனவருத்தம் வருவது இயற்கை. நேரில் சொன்ன அன்றே மின்னஞ்சலும் அனுப்புங்கள். "நான் கர்ப்பமாக இருக்கிறேன். பிரசவம் இன்ன மாதம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். விடுமுறைக்கு முன் என் வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்று பேசலாமா?" என்ற மூன்று வரி போதும். ஒரு பிரதியை வீட்டிலும் வைத்திருங்கள்.

கணக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். விடுமுறை எல்லாருக்கும் உண்டு. அந்த 98 நாளுக்குச் சம்பளம் கிடைக்க, பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் குறைந்தது 90 நாள் அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். இரண்டாம் மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு அது தானாக நிறைந்துவிடும். ஏழாம் மாதம் கடந்து சேர்ந்தவருக்கு நிறையாமல் போகலாம். பிரசவத்துக்கு முந்திய 60 நாட்களுக்குள், பிரசவத் தேதியையும் விடுமுறை தொடங்கும் தேதியையும் முறையாகத் தெரிவிக்கவும் வேண்டும். தெரிவிக்காமல் விடுமுறையில் போனால், தெரிவிக்கும் வரை பணத்தை நிறுத்தி வைக்கலாம். கணவருக்கு 7 நாள் விடுமுறை உண்டு. ஆனால் அவர் அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். நான் சொன்னவை தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் உரிய விதிகள். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் இருக்கின்றன.

இத்தனைக்கும் பிறகு வேலை போய்விட்டால் அழுதுகொண்டு வீட்டில் இருக்காதீர்கள். தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். நியாயமற்ற பணிநீக்கம் என்று தொழில் உறவு இலாகாவிடம் முறையிடுவதாக இருந்தால் நீக்கப்பட்ட 60 நாட்களுக்குள் செய்ய வேண்டும். அந்த 60 நாள் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆறு பேர் வேலை செய்யும் அச்சகத்தில் ஒருவர் 98 நாள் இல்லையென்றால் பாரம்தான். அந்தச் சம்பளமும் உங்கள் பையிலிருந்துதான் போகிறது. சிங்கப்பூரில் தகுதி பெறும் தாய்மார்களுக்கு அரசாங்கம் அதில் பங்கெடுத்துக் கொள்கிறது. இங்கும் அப்படிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை அரசாங்கத்திடம் கேளுங்கள், உங்கள் எதிரில் நிற்கும் பெண்ணிடம் கோபப்படாதீர்கள். நான்கு மாதத்துக்கு முன்பே ஒருத்தி வந்து சொன்னால் அவள் உங்களுக்கு நான்கு மாத அவகாசம் தருகிறாள். அவளை முகம் சுளித்து அனுப்பினால் அடுத்தவள் எட்டாம் மாதம் வரை வாய் திறக்க மாட்டாள். நட்டம் யாருக்கு?

சகோதரிகளே, வளைகாப்புக்கு நாள் குறிக்க வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். அலுவலகத்தில் சொல்லும் நாளை நீங்களேதான் குறிக்க வேண்டும். செய்யும் வேலையையும் உடம்பையும் பார்த்து அந்த நாளைக் குறியுங்கள். குறித்த நாளில் தலை நிமிர்ந்து போய்ச் சொல்லுங்கள், அன்றே எழுதியும் கொடுங்கள்.