ஷூ வாங்கும் முன்

மடவார் வளாகம் வைத்தியநாதசுவாமி கோயிலில் தாலி கட்டும்போது மாப்பிள்ளைக்கு வெறுங்கால்தான். சாயங்கால வரவேற்பில் கோட்டு சூட்டோடு மணிக்கணக்காக நிற்கும்போதுதான் ஷூவின் தரம் தெரியும்.

நல்ல தோல் ஷூவுக்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டாம். நம் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைப்பவைதான் வெளிநாடு போகின்றன. மேல்தோலைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெல்லிய சுருக்கம் விழுந்து மறைந்தால் பெரும்பாலும் நல்ல தோல். அடிப்பாகம் ஒட்டியதா, தைத்ததா என்று பாருங்கள். வெல்ட் (மேல்தோலையும் அடிப்பாகத்தையும் இணைக்கும் பட்டை) வைத்துத் தைத்ததென்றால், தேய்ந்தபின் அடிப்பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். அப்போது கால் சற்றே வீங்கியிருக்கும். சாக்ஸோடு இரண்டு காலிலும் போட்டு நடந்து பாருங்கள். விரல் நுனிக்கு முன்னால் அரை அங்குலம் இடம் வேண்டும். ஒருநாள் போட்டால் மறுநாள் ஓய்வு கொடுங்கள். வியர்வை காய்ந்தால் தோல் பல வருஷம் உழைக்கும்.