இரவு வேலைக்காரர்களுக்கு வந்த முதல் சேதி
(கிறிஸ்துமஸ் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிறைய பேர் வேலையை முடிச்சிட்டு நேரா இங்க வந்திருக்கீங்க. முகத்தைப் பார்த்தாலே தெரியுது. டிசம்பர் வந்தா ஜவுளிக்கடைத் தங்கச்சிக்குக் கால் வீங்கிப் போகுது. பேக்கரித் தம்பிக்குத் தூக்கம் கிடையாது. வீட்டுல அம்மா முறுக்கு சுட்டு முடிக்கிறப்போ நடுராத்திரி. "பண்டிகை எப்போ முடியும்னு இருக்கு"ன்னு சிலர் மெதுவாச் சொல்றாங்க. அப்படித் தோணினா விசுவாசம் குறைஞ்சிடுச்சுன்னு பயப்படாதீங்க. உடம்பு அசதி பாவம் ஆகாது.

முதல் கிறிஸ்துமஸே அசதியில பிறந்த பண்டிகைதான். ரோமப் பேரரசர் அகஸ்டஸ், குடிமக்களைக் கணக்கெடுக்க உத்தரவு போட்டார். அதுக்காக நாசரேத்துல இருந்து பெத்லகேமுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல பயணம். கூட வந்தது நிறைமாதக் கர்ப்பிணி. போன இடத்துல சத்திரத்தில் இடமில்லை. பிறந்த குழந்தையைக் கிடத்தினது மாட்டுக்குத் தீவனம் வைக்கிற தொட்டியில.

அந்தச் சேதி முதல்ல யாருக்குப் போச்சு? ராத்திரி கண்விழிச்சு ஆட்டுக்கிடைக்குக் காவல் இருந்த மேய்ப்பர்களுக்கு. இன்றைய பேச்சில் சொன்னா, நைட் டூட்டி பார்த்தவங்களுக்கு! பேரரசர் அவங்களைத் தலைக்கணக்குக்காக எண்ணினார். ஆண்டவர் அவங்களைத் தேடி வந்து சேதி சொன்னார்.

அதுக்கப்புறம் நடந்ததை லூக்கா எழுதுகிறார். குழந்தையைப் பார்த்த மேய்ப்பர்கள் கடவுளைப் புகழ்ந்துகொண்டே திரும்பிப் போனார்கள். எங்கே? அதே ஆடு, அதே வயல்வெளிக்கு. அந்தக் குழந்தை வளர்ந்து ஊழியம் தொடங்கவே ஏறக்குறைய முப்பது வருஷம் ஆச்சு. ஒரே ராத்திரியில் எதுவும் மாறிடல. ஆனா "நம்மையும் ஒருத்தர் நினைச்சிருக்கார்"ங்கிற தெம்போட மறுநாள் வேலைக்குப் போனாங்க. கிறிஸ்தவ நம்பிக்கைன்னா எனக்கு அந்தத் தெம்புதான்.

அந்தத் தெம்பு சில நேரம் ஒரு நாற்காலி வடிவத்துலயும் வரும். நாள் முழுக்க நின்னே வேலை பார்த்த கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள், உட்காரும் உரிமை கேட்டுப் பல வருஷம் போராடினாங்க. 2018இல் கேரளாவில் சட்டம் திருத்தப்பட்டது. 2021இல் தமிழ்நாட்டிலும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டியது இப்போ முதலாளியின் கடமை. ஒரு நாற்காலி சின்ன விஷயமா? எட்டு மணி நேரம் நின்ன காலைக் கேளுங்க.

அதனால உங்ககிட்ட மூணே மூணு வேண்டுகோள். துணி எடுக்கப் போற கடையில ஊழியர் உட்கார்ந்திருந்தா முகம் சுளிக்காதீங்க; நாற்காலியே இல்லைன்னா "எங்கே?"ன்னு கேளுங்க. 25ஆம் தேதி ராத்திரி உங்க தெருக் காவலாளிக்கும், பக்கத்து ஆஸ்பத்திரி செவிலியருக்கும் ஒரு தட்டு சாப்பாடு கொண்டு போங்க. வீட்டுல அன்னைக்கு அம்மாவை முதல் பந்தியில உட்கார வைங்க, நீங்க பரிமாறுங்க.

அசந்து போன உங்க எல்லாருக்கும்தான் இந்தப் பண்டிகை. இனிய கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள்.