டாக்டர் ஏன் வெளிநாடு போகிறார்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம குழுக் கூட்டங்களில் அடிக்கடி வரும் பேச்சு இது. "நம்ம வரிப்பணத்துல படிச்ச டாக்டருங்க லண்டன், அமெரிக்கான்னு போயிடறாங்க. நாம அவசரம்னா பெங்களூருக்கு ஓட வேண்டியிருக்கு." அஞ்செட்டி, தளி, கெலமங்கலம் பக்கத்தில் இருக்கும் நமக்கு இந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் ஏன் போகிறார்கள் என்று தெரிந்தால்தான், அவர்களை இங்கே நிறுத்த என்ன செய்யலாம் என்பதும் தெரியும்.

இது நேற்று தொடங்கியது இல்லை. இங்கிலாந்து அரசு 1948-ல் எல்லோருக்கும் இலவச மருத்துவம் கொண்டு வந்தது. அங்கே டாக்டர்கள் போதவில்லை, நம் நாட்டு டாக்டர்கள் போனார்கள். 1965-ல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை மாற்றியதும் அந்தக் கதவும் திறந்தது. டெல்லி எய்ம்ஸில் 1989 முதல் 2000 வரை படித்து முடித்தவர்களில் 100-க்கு 54 பேர் வெளிநாட்டில் இருப்பதாக, 2008-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது.

சம்பளம் ஒரு காரணம். அது மட்டும் இல்லை. எம்.பி.பி.எஸ். முடித்த எல்லோருக்கும் இங்கே மேற்படிப்பு இடம் கிடைப்பதில்லை. தனியார் கல்லூரியில் கட்டணம் லட்சக்கணக்கில். அரசு வேலைக்கு வந்தால் வேலைப்பளு. 2019 அக்டோபரில் நம் மாநில அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நோயாளிகள் எண்ணிக்கைக்கு ஏற்ப டாக்டர்களைப் போடுங்கள் என்பதும் ஒரு கோரிக்கை. டாக்டர்களை அடிப்பதைத் தடுக்க 2008-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. அடி வாங்கும் இடத்தில் யாரம்மா நிற்பாங்க?

நின்றவர்களும் உண்டு. பக்கத்து தருமபுரி மாவட்டம் சித்தேரி மலைக்குக் கீழே சிட்டிலிங்கியில் டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா தம்பதியர் 1993-ல் மருத்துவப் பணி தொடங்கினார்கள். அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, கூட சேர்த்துக்கொண்டார்கள். ஊர்ப் பெண்கள் கை கொடுத்தால் டாக்டர் தனி ஆள் இல்லை.

நம்ம மாவட்டத்திலும் வழி பிறந்திருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 5.8.2021 அன்று நம்ம சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் வீடு வீடாகப் போய் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு பார்க்கிறவர்கள் குழுப் பெண்கள்தான். 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் 150 இடங்களோடு திறந்தாச்சு.

சகோதரிகளே, நாம் செய்ய மூன்று வேலை இருக்கு.

ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரும் நர்சும் தங்க, தண்ணீர், கழிப்பறையோடு குடியிருப்பு வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடுவோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மறக்க வேண்டாம்.

இரண்டு, குறை இருந்தால் சண்டை போடாமல் எழுதிக் கொடுப்போம். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்குகிறார்கள்.

மூன்று, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு உண்டு, கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நம்ம பொண்ணுங்களை பத்தாவதோடு நிறுத்தி கம்பெனிக்கு அனுப்பாமல் படிக்க வைப்போம். இந்த மண்ணில் பிறந்தவள் டாக்டரானால், இந்த ஊருக்குத் திரும்பி வர அவளுக்கு ஒரு காரணம் இருக்கும்.