சூப்பு வரிசையில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்



கிழக்கு லண்டன் தமிழர்களாகிய நம் வீடுகளிலிருந்து அதிக தூரமில்லை. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் புருன் தெரு என்று ஒரு சின்னத் தெரு. அங்கே ஒரு கட்டடத்தின் முகப்பில், ‘யூத ஏழைகளுக்கான சூப்புக் கூடம்’ என்று பொறித்திருப்பதை இன்றும் படிக்கலாம். கட்டிய ஆண்டு 1902. யூதக் கணக்கில் 5662. உள்ளே போக ஒரு வாசல், வெளியே வர ஒரு வாசல் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். அப்படி எழுதி வைக்க வேண்டிய அளவுக்கு அங்கே கூட்டம் நின்றது!

யார் அவர்கள்? 1881க்குப் பிறகு ரஷ்யப் பேரரசில் மூண்ட கலவரங்களுக்கும் வறுமைக்கும் தப்பி, கப்பலேறி வந்தவர்கள். நெரிசலான தையல் கூடங்களில் உழைத்தவர்கள். பெரும்பாலும் அவர்கள் வருகையைக் கட்டுப்படுத்தத்தான் 1905இல் இந்த நாடு அந்நியர் சட்டத்தைக் கொண்டு வந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திறங்கி, அகதி அனுமதிக்குக் காத்திருந்த அனுபவம் இந்த அரங்கிலும் பலருக்கு உண்டு. அதனால்தான் இந்தக் கதையை இங்கே சொல்கிறேன்.

அந்த வரிசையில் நின்றவர்களின் வழிவந்தவர்கள் இன்று என்ன செய்கிறார்கள்? நவம்பர் மாதத்தில் ஒரு நாள், ‘மிட்ஸ்வா டே’ என்று பிரிட்டன் முழுவதும் யூத சமூகத்தார் வேலைக்கு இறங்குகிறார்கள். லாரா மார்க்ஸ் என்ற பெண்மணி தொடங்கிவைத்த இயக்கம் அது. அன்றைக்குப் பணம் திரட்டுவதில்லை. உங்கள் நேரத்தைக் கொடுங்கள், உங்கள் கையைக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. உணவு வங்கிக்குப் பொருள் சேர்க்கிறார்கள், முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பேச்சுத்துணை இருக்கிறார்கள், பூங்காவைச் சுத்தம் செய்கிறார்கள். கிழக்கு லண்டன் பள்ளிவாசலிலேயே யூதர்களும் முஸ்லிம்களும் ஒன்றாக நின்று, வீடற்றவர்களுக்காகக் கோழி சூப் காய்ச்சியிருக்கிறார்கள். உலகச் செய்திகள் இந்த இரண்டு சமூகங்களையும் எங்கே நிறுத்துகின்றன என்று நமக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டேதான் அவர்கள் ஒரே பாத்திரத்தைக் கிளறினார்கள்.

ஒரு நாள் உதவி செய்தால் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த ஒரு நாளுக்குப் பின்னால் ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட ஏற்பாடு இருக்கிறது. வயலை அறுக்கும்போது ஓரத்தை அறுக்காமல் விடு என்கிறது யூதச் சட்டம். அந்தக் கதிரை ஏழை தானே வந்து அறுத்துக்கொள்வான். யார் வாசலிலும் நின்று கையேந்த வேண்டாம். ஊர்ப் பொதுநிதியை இருவர் சேர்ந்து வசூலிக்க வேண்டும், மூவர் கூடிப் பங்கிட வேண்டும் என்று பழைய மிஷ்னா நூல் விதிக்கிறது. யூத ஏழையோடு சேர்த்து, ஊரிலுள்ள மற்ற ஏழைகளையும் தாங்க வேண்டும் என்பது தல்மூது என்ற யூதச் சட்டத் தொகுப்பின் விதி.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத மருத்துவர், மெய்யியலாளர் மைமோனிடீஸ் கொடைக்கு எட்டுப் படி வகுத்தார். மனமில்லாமல் கொடுப்பது கடைசிப் படி. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாமல் கொடுப்பது இரண்டாம் படி. முதற்படி எது? கடன் கொடுத்தோ, கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டோ, வேலை தேடிக் கொடுத்தோ, இனி அவன் யாரிடமும் கேட்க வேண்டாத நிலைக்கு ஏற்றிவிடுவது.

இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கிய விதி ஒன்று உண்டு. தானத்தில் வாழ்கிற ஏழையும் தானம் செய்ய வேண்டும் என்கிறது தல்மூது. முதலில் படித்தபோது இது கொடுமையாகப் பட்டது. யோசிக்க யோசிக்க, இதைவிட ஏழைக்கு மரியாதை செய்யும் சட்டம் கிடையாது என்று தோன்றுகிறது. கொடுக்கிற உரிமையை ஏழையிடமிருந்து பறிக்காதே என்று அது சொல்கிறது. நாமும் இந்த ஊருக்கு வந்த முதல் மாதங்களை நினைத்துப் பாருங்கள். வாங்கிக்கொள்ளக் கைகள் பழகிவிட்டன. ஆனால் நம்மிடம் ஒன்றைக் கேட்டு வந்தவர் யார்? அப்படி ஒருவர் வந்து கேட்டிருந்தால், நாம் எவ்வளவு நிமிர்ந்திருப்போம்!

வடக்கு லண்டனில் ஃபின்ச்லியிலுள்ள ஒரு யூத ஆலயம் 2006 முதல், தஞ்சம் கேட்டு வந்து கையில் காசில்லாமல் நிற்பவர்களுக்காக உதவி முகாம் நடத்தி வந்திருக்கிறது. உடுப்பு, உணவு, மருத்துவர், வழக்கறிஞர் எல்லாம் ஒரே கூரையின் கீழ். வருகிறவரிடம் எந்த மதம் என்று கேட்பதில்லை. நவம்பரின் ஒரு நாளை நான் மதிப்பது இதனால்தான். அது அழைப்பு மணி. வேலை ஆண்டு முழுவதும் நடக்கிறது.

நம்மிடமும் சேவா டே என்ற தொண்டு நாள் இருக்கிறது, கோயில் அன்னதானம் இருக்கிறது. இந்த முறை, சேர்ந்து சமைக்கலாமா என்று பக்கத்து யூத ஆலயத்துக்கு நாமே எழுதிக் கேட்போம். நம் சமையல் அங்கே எளிதில் பொருந்தும் என்று நினைக்கிறேன். இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்பது அவர்கள் விதி. பருப்பும் காய்கறியும் போட்ட சாம்பாரில் அந்தச் சிக்கலே இல்லை. ஆனால் வீட்டில் சமைத்து எடுத்துப் போகாதீர்கள். அவர்கள் சமையலறையில், அவர்கள் பாத்திரத்தில், அவர்களைக் கேட்டு வாங்கிய பொருளை வைத்துச் சமைப்போம். பெரிய அண்டாவில் சமைத்துப் பழகிய அக்காமார், பாத்திரம் தேய்க்கத் தயங்காத தம்பிமார், கார் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் வேண்டும். செயலாளர் வாசலருகே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பெயரையும் உங்களுக்கு எந்த ஞாயிறு தோதாக இருக்கும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.