மகளின் வண்டிக்கு எந்தப் பற்றறி?

நான் கணக்காளன், மின்சாரம் படித்தவனல்ல. மகள் பாடசாலைப் பொறியியல் போட்டிக்குச் செய்த சின்ன றோபோ வண்டி அசைய மறுத்ததால்தான் இதெல்லாம் அறிந்தேன்.

அவள் போட்டிருந்தது 9 வோல்ற் சதுரப் பற்றறி. வோல்ற் கூட என்றால் பலமும் கூட என்றுதான் நானும் நினைத்தேன். பிழை. அதற்குள் இருப்பவை ஆறு சின்னக் கலங்கள். புகை எச்சரிக்கைக் கருவிக்குப் போதும். இரண்டு மோட்டர்கள் இழுக்கும் மின்னோட்டத்தைத் தாராது. வங்கியில் காசு இருந்தும் ஒருநாளில் எடுக்கும் தொகைக்கு எல்லை இருப்பது போலத்தான்.

மீள மின்னேற்றும் நிக்கல் ஏஏ கலம் ஒன்று 1.2 வோல்ற். ஒன்றின் நேர்முனையை அடுத்ததன் எதிர்முனையோடு தொடராக இணைத்தால் ஐந்துக்கு 6 வோல்ற். சமாந்தரமாக இணைத்தால் வோல்ற் கூடாது, ஓடும் நேரம்தான் கூடும். பழைய கலத்தையும் புதியதையும் கலக்காதீர்கள். நேர்முனை வயரில், பற்றறிக்குக் கிட்டவே ஒரு பியூஸ் போடுங்கள். லிதியம் கலம் இலேசானது, ஆனால் முனைகள் முட்டினால் தீப்பற்றலாம். போட்டி விதியை வாசிக்காமல் வாங்கவேண்டாம்.

கடையில் காசு கொடுக்கும்போது எனக்கு 1990கள் நினைவு வந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பற்றறி கொண்டுவரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். மகளுக்குச் சொன்னேன்.

"அது எத்தனை வோல்ற் அப்பா?"

"6."

"அப்ப என்ர வண்டிக்கும் காணும்" என்றாள்.