வரி கட்டுபவர்கள் நாமும்தான்

(சம்பள நாள் கூட்டமொன்றில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது, பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவது, சீட்டுப் பணம் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு நாட்டின் கடனைப் பற்றியும் வரியைப் பற்றியும் பேசப் போகிறோம். "அது கொழும்பிலே படிச்சவங்க பேசுற பேச்சு, நமக்கெதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். கடைச் சாமானும் சேமலாப நிதியும் நம்முடையது என்றால் இந்தப் பேச்சும் நம்முடையதுதான்.

"நாங்க வரி கட்டுறதில்ல" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சம்பளத்திலே வருமான வரி பிடிப்பதில்லை, உண்மைதான். ஆனால் கடையிலே கட்டுகிறோம். 2024 ஜனவரி முதலாம் திகதி வற் வரி 18 வீதமாகக் கூட்டப்பட்டது. வரி சேராமல் 100 ரூபா பெறுமதியான சவர்க்காரத்துக்கு வற் வரி மட்டும் 18 ரூபா. பங்களாவிலே இருக்கும் துரையும் அதே 18 ரூபா, கொழுந்து பறிக்கும் அக்காவும் அதே 18 ரூபா. போனுக்கு ரீலோட் போட்டாலும் வரி. கேஸ் சிலிண்டருக்கும் 2024இல் வற் வரி வந்தது. வெளிநாட்டுச் சீனிக்கு வேறொரு வரி. இவற்றை மறைமுக வரி என்பார்கள். 2018இல் அரசுக்கு வரியாக வந்த ஒவ்வொரு 100 ரூபாவிலும் 80 ரூபாவுக்கு மேல் இப்படி வந்ததுதான். ஆகவே யாராவது "தோட்டத்து ஆட்களுக்கு எங்கட வரிக்காசு போகுது" என்று சொன்னால், தலை குனிய வேண்டியதில்லை. அந்தக் காசிலே நம்முடைய காசும் இருக்கிறது.

அடுத்தது, துண்டு விழும் தொகை. அரசின் வரவைவிடச் செலவு கூடினால் அந்த இடைவெளிக்கு இப்படிப் பெயர். அதை நிரப்பக் கடன் வாங்க வேண்டும். கடன் வாங்குவதே தப்பு என்று நாம் சொல்ல மாட்டோம். பிள்ளையின் படிப்புக்கும் வீட்டுக் கூரைக்கும் வாங்கும் கடன் ஒன்று, கடைக் கொப்பியில் பழைய பாக்கியைக் கட்ட இன்னொரு இடத்தில் வாங்கும் கடன் வேறொன்று. நம் நாடு இரண்டாவது வழியில் வெகுதூரம் போய்விட்டது. 2021இல் அரசுக்கு வந்த வருமானம் 100 ரூபா என்றால், 70 ரூபாவுக்கு மேல் வட்டிக்கே போனது. மிச்சத்திலே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சம்பளம், பென்சன் எல்லாம் எப்படி நடக்கும்?

அதற்கு ஒரு பெரிய காரணம் 2019 கடைசியில் நடந்த வரிக்குறைப்பு. அப்போதைய அரசாங்கம் 15 வீதமாக இருந்த வற் வரியை 8 வீதமாக்கியது. ஆண்டுக்கு 1 கோடி 20 லட்சம் ரூபா வியாபாரம் செய்பவர் வற் வரிக்குப் பதிய வேண்டும் என்றிருந்த எல்லையை 30 கோடிக்கு உயர்த்தியது. பெரிய சம்பளக்காரர்களின் வருமான வரியும் குறைந்தது. "வரியைக் குறைத்தால் வியாபாரம் பெருகும், அரசுக்கு வருமானம் தானாக வரும்" என்பது அவர்கள் வாதம். அது முழுக்க மூடத்தனம் என்று சொல்ல முடியாது. சில நாடுகளில் சில காலங்களில் நடந்திருக்கிறது. அடுத்த ஆண்டே கொரோனா வந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனாலும் கஜானாவில் விழுந்த ஓட்டையை யார் அடைப்பது என்று அன்றைக்குப் பதில் சொல்லவில்லை.

வரி குறைந்தால் கடையிலே விலை குறையும் என்பதும் நிச்சயமில்லை. 2020 ஒக்டோபரில் ஒரு கிலோ இறக்குமதிச் சீனிக்கு 50 ரூபாவாக இருந்த வரியை 25 சதமாக்கினார்கள். நம் கடையிலே சீனி விலை 50 ரூபா குறைந்ததா? அந்தக் காசு இறக்குமதியாளர்களின் பையிலே நின்றது. அரசுக்கு 1,500 கோடி ரூபாவுக்கு மேல் நட்டம் என்று பாராளுமன்ற நிதிக் குழுவிலேயே சொல்லப்பட்டது.

ஓட்டையை அடைக்க மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை வாங்கி அரசுக்குப் பணம் கொடுத்தது. "காசு அச்சடிக்கிறாங்க" என்று சனங்கள் சொன்னது இதைத்தான். டொலரும் தீர்ந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. 2022 செப்டெம்பரில், கொழும்பு விலைச் சுட்டெண்படி, உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 94.9 வீதம் ஏறி நின்றது. 2021இல் வந்த 1,000 ரூபா நாட்சம்பளமோ 2024 வரை அப்படியே கிடந்தது. பெரியவர்களுக்கு விட்டுக்கொடுத்த வரியை, விலைவாசி என்ற பெயரில் நம்முடைய அடுப்படியிலே வசூலித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு வற் வரியும் 2022இல் இரண்டு தரம் கூடி 15 வீதமாகி, 2024இல் 18 ஆனது. முதலில் இருந்ததைவிடக் கூடுதல்.

"அப்படியானால் கடனைக் கட்டாமலே விட்டால் என்ன?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அரசு கடன் வாங்கியது வெளிநாட்டிடம் மட்டுமா? நாம் 8 வீதமும் தோட்டம் 12 வீதமும் கட்டும் ஊழியர் சேமலாப நிதியின் பெரும்பகுதி அரசு முறிகளில்தான் போடப்பட்டிருக்கிறது. அதாவது அரசுக்குக் கடன் கொடுத்தவர்களில் நாமும் ஒருவர். 2023இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது, வங்கிகளின் திறைசேரி முறிகளைத் தொடவில்லை. வங்கிகள் ஏற்கனவே சுமையைத் தாங்குகின்றன என்றார்கள். சேமலாப நிதியின் முறிகளை மாற்றினார்கள். புதிய முறிகளுக்கு முதலில் 12 வீதமும் பிறகு 9 வீதமும் வட்டி. மாற்றச் சம்மதிக்காத நிதிக்கு 14 வீத வரி 30 வீதமாகும் என்ற ஏற்பாடும் இருந்தது. ஏற்கனவே சேர்ந்த தொகையில் கை வைக்கவில்லை, வருடத்துக்கு 9 வீதமாவது கிடைக்கும் என்று வாக்குத் தந்தார்கள். இருந்தாலும் வயதான காலத்துக்கு வளரவேண்டிய காசின் வளர்ச்சியிலே குறைவு வந்தது நமக்குத்தான். கடன் சுமையைப் பங்கு போடும்போது மேசையிலே இல்லாதவன் தலையில்தான் பெரிய மூட்டை ஏறும்.

வரியே வேண்டாம் என்பதும் நம்முடைய பேச்சல்ல. தோட்டத்துக்கு டொக்டர் வருவதும் வரியிலேதான். 2025 நவம்பரில் வைத்த வரவு செலவுத் திட்டத்தில், தொழிலாளரின் நாட்சம்பளத்தோடு நாளொன்றுக்கு 200 ரூபா வருகைக் கொடுப்பனவை அரசு தரும் என்று முன்மொழிந்தார்கள். அதுவும் திறைசேரிக் காசுதான். திறைசேரி வெறுமையானால் முதலில் நிற்பது இப்படியான கொடுப்பனவுகளே. கூடுதலாகச் சம்பாதிப்பவரிடம் கூடுதல் வீதத்தில் வாங்கு, ஏழையின் கூடையில் கை வைக்காதே என்பதே நம் வாதம்.

ஆகவே வாக்குக் கேட்டு வருபவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வரியைக் குறைக்கப் போகிறீர்கள்? அதனால் ஆதாயம் யாருக்கு? குறையும் காசை எங்கிருந்து எடுப்பீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், பதில் நம்முடைய கூடையும் சேமலாப நிதியும்தான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இன்னுமொரு வேலை. சேமலாப நிதிக் கணக்குக் கூற்றை எடுத்து, பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியா, மாதாமாதம் காசு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அட்டையிலே ஒரு பெயர், செக்ரோலிலே ஒரு பெயர் என்று இருந்தால் காசு எடுக்கும்போது அலைய வேண்டி வரும். எழுத்துத் தெரியாதவர்கள் வெட்கப்படாமல் கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். நாட்டுக்குக் கடன் கொடுத்தவர்கள் தங்கள் கணக்கைத் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?