காணாத கிரகமும் கணக்கின் சாட்சியும்

(புதுக்கோட்டையில் படிப்பு வட்டத் தோழர்களிடையே நிகழ்த்திய உரையின் சுருக்கம்)

வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களைப் பற்றி நாம் பேசினால் சிலர் மடக்குகிறார்கள்: "ராகு, கேதுவை யார் பார்த்தது என்று கேட்கிறீர்களே, விஞ்ஞானி சொல்லும் கிரகத்தை மட்டும் யார் பார்த்தார்கள்?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

நட்சத்திரத்தின் பேரொளியில் கிரகத்தின் மங்கிய ஒளி மறைந்துவிடுகிறது. நேரில் படம் பிடிக்கப்பட்டவை வெகு சில. மற்றவற்றை அவற்றின் விளைவைக் கொண்டே அறிகிறார்கள்.

முக்கிய வழிகள் இரண்டு. நட்சத்திரம் கிரகத்தை இழுப்பதுபோல் கிரகமும் நட்சத்திரத்தை இழுக்கிறது. அதனால் நட்சத்திரம் சற்றே அசைகிறது. நெருங்கும் ரயிலின் ஊதல் கீச்சென்று கேட்டு, விலகும்போது கனத்துவிடுகிறதல்லவா? அதுபோல, நட்சத்திரம் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி இம்மியளவு நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் நகர்கிறது. 1995ல் மேயர், கெலோ என்ற சுவிஸ் விஞ்ஞானிகள் 51 பெகாசி என்ற நட்சத்திரத்தை நான்கே நாட்களில் சுற்றிவரும் கிரகத்தை இவ்விதமே கண்டார்கள். 2019ல் நோபல் பரிசும் பெற்றார்கள்.

மற்றொன்று, கிரகம் குறுக்கே செல்லும்போது ஒளி குறைவதை அளப்பது. மேடை விளக்கின் முன் பூச்சி பறப்பது போலத்தான். நம் சூரியனின் குறுக்கே வியாழன் சென்றால், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு நூற்றில் ஒரு பங்கு ஒளி குறையும். பூமி சென்றால் பதினாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது!

இந்தத் தேடலில் நம் சென்னைக்கும் இடமுண்டு. நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக்கூடம் இருந்தது. அதன் தலைவர் கேப்டன் ஜேக்கப், 70 ஒபியூச்சி என்ற இரட்டை நட்சத்திரத்தின் பாதை கணக்குக்கு ஒத்துவராததைக் கண்டார். காணாத கிரகம் ஒன்று அதை இழுக்கக்கூடும் என்று 1855ல் எழுதினார். பின் வந்தவர்கள் தலைவர் சொன்னார் என்று தலையாட்டினார்களா? இல்லை. மீண்டும் மீண்டும் அளந்தார்கள். 1899ல் அமெரிக்கரான மோல்டன், அத்தகைய கிரகம் அங்கே நிலைத்திருக்க முடியாது என்று கணக்கிட்டுக் காட்டினார். சென்னையின் கிரகம் கைவிடப்பட்டது!

2018ல் நடந்ததையும் கேளுங்கள். 600 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு நட்சத்திரத்தின் ஒளி குறைவதைக் கெப்ளர் விண்தொலைநோக்கி காட்டியிருந்தது. ராஜஸ்தானத்தின் அபு மலையிலிருந்து நம் நாட்டு விஞ்ஞானிகள் அதே நட்சத்திரத்தின் அசைவை அளந்தார்கள். பூமியைப் போல் 27 மடங்கு எடையுள்ள கிரகம் 19.5 நாட்களில் அதைச் சுற்றுகிறது என்று அறிவித்தார்கள். இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போயின, கிரகம் நிலைபெற்றது.

இவ்வாறு உறுதியான கிரகங்கள் 2025 செப்டம்பரில் 6,000ஐ எட்டின.

இதுதான் நமது பதில். விஞ்ஞானியின் கிரகம் சோதனைக்கு உட்பட்டது, பொய்த்தால் விழும். ஆனால் செவ்வாய் தோஷம் என்று சொல்லி ஒரு பெண்ணின் கல்யாணத்தைத் தடுப்பவர், தம் சொல்லை எந்தச் சோதனைக்கு உட்படுத்தினார்? தோஷம் பொய்த்தது என்று எந்த ஜோசியர் கைவிட்டார்?

யார் சொன்னார் என்று கேட்காதீர்கள், தோழர்களே! எப்படி அளந்தார், வேறு யார் சரிபார்த்தார் என்று கேளுங்கள். நம்மிடமும் அப்படியே கேளுங்கள்!